செவ்வாய்க்கிழமை சாயங்காலம் யார் ஓடுகிறார்கள்?

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்தரை மணி. கோலசிலாங்கூர் புக்கிட் மெலாவாத்தி அடிவாரத்தில் இருட்டு இன்னும் விலகவில்லை. கார் விளக்கு வெளிச்சத்தில் ஒருவர் சட்டையில் ஒருவர் எண் அட்டையை ஊக்கால் குத்திவிடுகிறார்கள். ஐம்பதைத் தாண்டிய ஒருவர் முட்டிக்கு உறை மாட்டிக்கொண்டு, விளக்குக் கம்பத்தைப் பிடித்தபடி கெண்டைக்காலை நீட்டி மடக்குகிறார். ஒரே நிறச் சட்டை போட்ட பெண்கள் நால்வர், முதுகில் குழுவின் பெயர் தெரியும்படி திரும்பி நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அப்பாவின் கையைப் பிடித்து நிற்கும் பத்து வயதுப் பையனுக்குக் கொடுத்த பந்தயச் சட்டை முழங்கால் வரை தொங்குகிறது. ஒலிபெருக்கியில் பத்திலிருந்து எண்ணிக்கை இறங்குகிறது, ஊதல் ஒலிக்கிறது, கூட்டம் மேட்டை நோக்கி நகர்கிறது. கோலசிலாங்கூரிலிருந்து தஞ்சோங் காராங் வரை, பெஸ்தாரி ஜெயாவிலிருந்து பத்தாங் காலி வரை, வட சிலாங்கூர் ஓட்டக் குழுக்களின் ஞாயிறு இப்படித்தான் விடிகிறது.

இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வேலை, கடன், பிள்ளைகள் படிப்பு என்று ஆறு நாள் ஓடியவர்கள் ஏழாவது நாள் தங்களுக்காக ஓடுகிறார்கள். அது நல்ல காரியம். நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை 2020 மார்ச் 18இல் வந்து எல்லோரையும் வீட்டுக்குள் பூட்டியது. அது தளர்ந்த பிறகு ஓட்டத்தின் பக்கம் வந்தவர்கள் ஏராளம். ஆனால் ஒரு வட்டாரத்தில் ஓட்டம் வளர்கிறதா என்பதை ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை வைத்துக் கணக்கிட முடியாது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாலரை மணிக்கு எந்தத் திடலில் எந்தப் பிள்ளை ஓடுகிறது, பக்கத்தில் கடிகாரம் பிடித்து நிற்பவர் யார் என்பதை வைத்துத்தான் கணக்கிட வேண்டும். தோட்டங்களிலிருந்து வெளியேறிய குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அந்தச் செவ்வாய்க்கிழமை இன்று இல்லை. அதைத் திருப்பிக் கொடுக்கும் வசதியும் ஆள்பலமும் உள்ள ஒரே அமைப்பு, பள்ளிக்கு வெளியே இயங்கும் ஓட்டக் குழுதான் என்பது இந்தக் கட்டுரையின் வாதம்.

போனது திடல் மட்டுமல்ல

நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் இந்த வட்டாரத்தில்தான் எழுந்தது. பத்தாங் பெர்ஜுந்தை என்று அழைக்கப்பட்ட இன்றைய பெஸ்தாரி ஜெயா பக்கம், தென்னமரம் தோட்டத்தில், 1917இல் ஹென்றி ஃபோகொனியே என்ற பிரெஞ்சுக்காரர் செம்பனை நட்டார். ஆனாலும் அடுத்த பல பத்தாண்டுகளுக்கு இங்கே தமிழர் வாழ்வை நடத்தியது ரப்பர்தான். குளிர்ந்த விடியலில்தான் பால் நன்றாக இறங்கும் என்பதால் இருட்டோடு பெரட்டுக்கு நிற்க வேண்டும். நிரை நிரையாக வெட்டி, மங்குகளைக் கவிழ்த்துப் பால் சேர்த்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்பினால் பிற்பகல். நாலு மணிக்கு லயத்துக்கு எதிரே இருந்த திடலில் பெரியவர்களும் இருந்தார்கள், பிள்ளைகளும் இருந்தார்கள். பந்து விளையாட்டோ, ஓட்டமோ, திருவிழாப் போட்டிக்கான பயிற்சியோ, எதற்கும் தனியாக ஏற்பாடு தேவைப்படவில்லை. வேலை நேரமே அந்தச் சாயங்காலத்தை உண்டாக்கித் தந்தது.

செம்பனைக்கு ஏக்கருக்குத் தேவைப்படும் ஆள் குறைவு. ரப்பர் போய்ச் செம்பனை பரவ, பிறகு தோட்டங்கள் வீடமைப்புக்கும் நெடுஞ்சாலைக்கும் போக, குடும்பங்கள் தாமான்களுக்கும் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் பிரிந்தன. திடல் நிறுவனத்தின் நிலம். நிலம் கைமாறியபோது அதுவும் போனது. மேரி, புக்கிட் தாகார், நைகல் கார்டனர், சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் மக்கள் வீட்டுக்காகவே கால் நூற்றாண்டு காத்துக் கிடந்தார்கள். தலைக்கு மேல் கூரை கேட்டுப் போராடியவர்களிடம் பிள்ளைகள் ஓடத் திடல் கேட்டீர்களா என்று யாரும் விசாரிக்க முடியாது. இப்போது அப்பா தொழிற்சாலையில் ஷிப்ட், அம்மா துப்புரவு வேலையிலோ கடையிலோ. இருவரும் வீடு சேர ஏழு மணி. பிள்ளைக்கு நாலரை மணி இருக்கிறது; அந்த நேரத்தில் கூட நிற்கப் பெரியவர் இல்லை. திடல் போனதைப் பற்றிப் பலர் பேசுகிறார்கள். இந்தச் சாயங்காலம் போனதைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. நட்டம் அதில்தான் அதிகம்.

பழைய தோட்ட வாழ்க்கையைப் பொற்காலமாக்க வேண்டாம் என்று உடனே ஒரு மறுப்பு வரும். சரியான மறுப்பு. சப்பாத்து வாங்கக் காசில்லாததால் வெறுங்காலில் ஓடிய பிள்ளையைப் பார்த்து வீரம் என்று சொல்வது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் அநியாயம். ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றவர்கள், காய்ச்சலோடு பால் வெட்டப் போனவர்கள் எல்லாம் அதே லயத்தில்தான் இருந்தார்கள். வறுமையைத் திரும்பக் கேட்கவில்லை; நடந்து போகும் தூரத்தில் ஒரு திடலையும், அங்கே பொறுப்போடு நிற்கும் ஒரு பெரியவரையும்தான் கேட்கிறோம்.

பெட்டிச் செய்தி: சிலாங்கூர் மண்ணில் பிறந்த ஓட்டக் குழு
*உலகின் பெயர்பெற்ற ஓட்டக் குழுக்களில் ஒன்றான 'ஹேஷ் ஹவுஸ் ஹேரியர்ஸ்' 1938இல் கோலாலம்பூரில் பிறந்தது. பிரிட்டிஷ் அதிகாரிகளும் நிறுவன ஊழியர்களும் தொடங்கியது. ஒருவர் முன்னால் போய்க் காகிதத் துண்டுகளைத் தூவித் தடம் போட, மற்றவர்கள் ரப்பர்க் காட்டுக்குள் அதைத் தேடிக்கொண்டு ஓடுவார்கள். தொடங்கியவர்களில் முக்கியமானவரான ஏ.எஸ். கிஸ்பெர்ட் 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர்ப் போரில் மாண்டார். இன்று உலகெங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஹேஷ் குழுக்கள் உண்டு. கட்டணமே இல்லாமல் சனிக்கிழமை தோறும் 5 கிலோமீட்டர் ஓடும் 'பார்க்ரன்' 2004 அக்டோபர் 2இல் லண்டன் புஷி பூங்காவில் 13 பேரோடு தொடங்கி, 2018இல் மலேசியாவுக்கு வந்தது.*

நாற்பத்தொன்பது ஆண்டு நின்ற சாதனை

நம் சமூகத்தில் ஓட்டத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் பழைய பெயர்கள் வரிசையாக வரும். அந்தப் பெருமைக்கு நியாயம் உண்டு. எம். ஜெகதீசன் 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 200 மீட்டரில் தங்கம் வென்றார். 1966 பேங்காக்கில் 100, 200, 4×100 மூன்றிலும் தங்கம். அதே 1966இல் 400 மீட்டரில் தங்கம் வாங்கிய எம். ராஜாமணி, இரண்டாண்டு முன்னதாகவே தோக்கியோ ஒலிம்பிக்கில் ஓடிய முதல் மலேசியப் பெண். பி. ராஜ்குமார் 1985இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியத் திடல்தடப் போட்டியில் 800 மீட்டரை 1 நிமிடம் 47.37 வினாடியில் ஓடித் தங்கம் வென்றார். ஜி. சாந்தி 1993இல் 100 மீட்டரை 11.50 வினாடியில் முடித்தார். 1998 கோலாலம்பூர் காமன்வெல்த் விளையாட்டில் 50 கிலோமீட்டர் நடைப் போட்டியின் தங்கம் ஜி. சரவணனுக்கு.

இந்தப் பட்டியலை மேடையில் வாசித்துக் கைதட்டி முடித்துக்கொள்வது நம் பழக்கம். ஆண்டுகளைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். மெக்சிகோ ஒலிம்பிக்கில் 1968இல் ஜெகதீசன் ஓடிய 20.92 வினாடி, தேசியச் சாதனையாக 2017 வரை நின்றது, 49 ஆண்டுகள். சாந்தியின் 11.50 விழுந்ததும் அதே 2017இல்தான், 24 ஆண்டுகள். ராஜ்குமாரின் நேரமும் பல பத்தாண்டுகள் நீடித்தது. சாதனை நீண்ட காலம் நிற்பது படைத்தவருக்குப் பெருமை. பின்னால் வந்தவர்களுக்குப் பாதை அமைக்கவில்லை என்பதற்கும் அதுவே சாட்சி. சப்பாத்தும் தடமும் உணவும் மருத்துவமும் எவ்வளவோ மேம்பட்ட காலத்தில், முந்தைய தலைமுறை புழுதித் தடத்தில் பழகி ஓடிய நேரத்தைத் தொடவே அரை நூற்றாண்டு பிடித்தது என்றால், கீழே பிள்ளைகளைத் தேடும் வேலை எங்கேயோ நின்றுவிட்டது என்றுதான் அர்த்தம்.

இவர்களெல்லாம் தோட்டத்தில் பிறந்தவர்கள் என்று சொல்ல வரவில்லை. ஜெகதீசன் மருத்துவம் படித்தவர். அவர் வந்த வழி வேறு. ஆனால் பள்ளி, மாவட்டம், மாநிலம், தேசியம் என்ற படிக்கட்டில்தான் நம் ஓட்டக்காரர்கள் பெரும்பாலும் ஏறி வந்தார்கள். மலேசியப் பள்ளி விளையாட்டு மன்றம் 1958இல் அமைந்தது; புக்கிட் ஜாலில் விளையாட்டுப் பள்ளி 1996இல் வந்தது. மேல் படிகள் இன்றும் இருக்கின்றன, முன்னைவிட வலுவாகவே. வட சிலாங்கூர்த் தமிழ்ப் பிள்ளைக்கு முதல் படியில் கால் வைக்க இடமில்லை.

நாலு பேர் கிடைக்காத பள்ளி

முதல் படி எப்படி இற்றுப்போனது என்பதை அஞ்சல் ஓட்டத்தில் தெளிவாகப் பார்க்கலாம். 12 வயதுக்குட்பட்ட பெண்கள் 4×100 என்றால் நாலு பெண்கள் வேண்டும். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் மாற்ற ஐந்தாவது பெண் வேண்டும். மேல் வகுப்புகள் மூன்றையும் சேர்த்தே ஐந்து பெண் பிள்ளைகள் தேறாத பள்ளி என்ன செய்யும்? 150க்குக் குறைவான மாணவர் உள்ளதைச் சிறிய பள்ளி என்று கல்வி அமைச்சு வகைப்படுத்துகிறது. தோட்டப் பெயரைத் தாங்கி நிற்கும் பல தமிழ்ப்பள்ளிகள் அந்த எண்ணிக்கைக்கும் வெகு கீழே இருக்கின்றன. நாட்டின் தமிழ்ப்பள்ளிகளில் பாதிக்கும் மேல் பகுதி உதவி பெறுபவை, பல அடுத்தவர் நிலத்தில் நிற்பவை. சொந்த நிலம் இல்லாத பள்ளி ஓடுதடம் போட யாரிடம் அனுமதி கேட்கும்? குறுக்கோட்டம் நடக்கிறது, ஆண்டு விளையாட்டுப் போட்டியும் நடக்கிறது. ஆசிரியர்கள் தங்கள் காரிலேயே பிள்ளைகளை ஏற்றிப் போகிறார்கள். அவர்கள் உழைப்பில் குறை காண முடியாது. ஆனால் ஐந்து பள்ளிகளில் பள்ளிக்கு ஒருவராகச் சிதறிக் கிடக்கும் ஐந்து வேகமான பிள்ளைகளை ஒரே திடலில் சேர்ப்பது எந்த ஒரு தலைமையாசிரியரின் அதிகாரத்திலும் இல்லை.

குழுவால் முடியும். ஈஜோக் பிள்ளையும் புக்கிட் ரோத்தான் பிள்ளையும் ஜெராம் பிள்ளையும் ஒரே இடத்தில் சேர்ந்து ஓடப் பள்ளி எல்லை தடையில்லை. மாவட்டப் போட்டியில் அவரவர் பள்ளிக்கு ஓடட்டும். பயிற்சியில் ஒருவரை ஒருவர் துரத்தட்டும். தனியாக ஓடும் பிள்ளைக்குத் தன் வேகம் தெரியாது, பக்கத்தில் இன்னொரு மூச்சு கேட்கும்போதுதான் தெரியும். வேகம் கூடுவதற்கு இதைவிட மலிவான வழி கிடையாது.

"சாலை இருக்கிறதே!"

ஓடுவதற்குத் திடல் எதற்கு, வாசலில் இறங்கினால் சாலை என்பார்கள் சிலர். பெரியவர்களுக்கு அது ஓரளவு சரி. தஞ்சோங் காராங், செகிஞ்சான் வயல்களின் வாய்க்கால் ஓரச் சாலைகள் நேராக, மேடுபள்ளம் இல்லாமல் கிடக்கின்றன. நீண்ட தூரப் பயிற்சிக்கு நல்ல இடம். மேடேறிப் பழக மெலாவாத்தி இருக்கிறது. ஆனால் பதினோரு வயதுப் பிள்ளையை எந்தச் சாலையில் விடுவது? பெஸ்தாரி ஜெயா பக்கம் மணல் லோரி, மற்ற இடங்களில் செம்பனைக் குலை லோரி, கிள்ளானிலிருந்து சபாக் பெர்ணாம் போகும் கூட்டரசுச் சாலையில் எல்லா லோரியும். 2017 டிசம்பரில் கிள்ளானில் நடந்த மாரத்தான் பந்தயத்தின்போதே கார் மோதி மூன்று ஓட்டக்காரர்கள் காயமடைந்தார்கள். ஏற்பாட்டோடு நடந்த பந்தயத்திலேயே அந்த நிலை என்றால், ஏற்பாடே இல்லாத சாதாரண நாளில் பெற்றோர் பயப்படுவதில் தப்பே இல்லை.

இன்னொன்றும் உண்டு. பிள்ளைகளுக்குத் தேவை நீண்ட தூரம் இல்லை. அறுபது மீட்டர் விரைவு, தாண்டுதல், சற்று ஓடிச் சற்று நடக்கும் விளையாட்டு, கையில் கோல் மாற்றும் பழக்கம் எல்லாம் கலந்து வளரும் உடம்புதான் பிறகு எந்தத் தூரத்துக்கும் தயாராகும். பத்து வயதில் 10 கிலோமீட்டர் சாலைப் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்து, பதக்கத்தோடு படம் போடும்போது பெற்றோருக்கு மகிழ்ச்சி. ஆனால் அந்த வயதில் வளர வேண்டிய வேகம் வளராமலே போகிறது. புல் தரை வேண்டும், நிழல் வேண்டும், தண்ணீர் வேண்டும். ராஜா மூசா வனப் பகுதியின் கரிமண் நிலம் தீப்பிடிக்கும் வறட்சி மாதங்களில் புகைமூட்டம் வேறு. காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினால் பள்ளிகள் வெளிப்புற நடவடிக்கைகளை நிறுத்தியாக வேண்டும். பிள்ளைகளைக் கூட்டும் குழுவுக்கும் அதே கட்டுப்பாடு இருக்க வேண்டும். இதையெல்லாம் பார்த்து முடிவெடுக்கப் பொறுப்பான ஆள் ஒருவர் திடலில் நின்றாக வேண்டும்.

பெட்டிச் செய்தி: இனிப்புநீரும் நாமும்
*2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே 31.4 விழுக்காடு, மலாய்க்காரர்களிடையே 22 விழுக்காடு, சீனர்களிடையே 15.1 விழுக்காடு. நம்மில் ஏறக்குறைய மூவரில் ஒருவர்.*

இந்த எண்ணைக் காட்டியே ஒருவர் என் வாதத்தை மறுக்கலாம். இனிப்புநீர் இவ்வளவு பரவிக் கிடக்கும் சமூகத்தில் நாற்பது வயதுக்காரர் ஞாயிறு காலை ஓடுவதல்லவா முதல் தேவை, பிள்ளைகளின் பதக்கம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாமே என்று. பெரியவர்கள் ஓட வேண்டும், சந்தேகமில்லை. அந்த ஓட்டத்தை நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் மருத்துவர் மிரட்டிய பிறகு நாற்பதில் சப்பாத்து வாங்குவது ஒரு வழி, பத்து வயதிலிருந்து விடாமல் ஓடியே நாற்பதுக்கு வந்து சேர்வது இன்னொரு வழி. இரண்டாவது வழியில் போனவருக்கு உடம்பை அசைப்பது பழகிய காரியம். செவ்வாய்க்கிழமைத் திடலில் இருபது பிள்ளைகள் ஓடினால் அதில் ஒருவர் மாநிலத்துக்குப் போகலாம், போகாமலும் இருக்கலாம். மீதிப் பத்தொன்பது பேருக்கும் கிடைக்கும் உடம்புதான் இந்தச் சமூகத்துக்குப் பெரிய லாபம்.

வெள்ளிக் கணக்கு

பந்தயத்துக்குப் பதிவுக் கட்டணம் அறுபது வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். அப்பாவும் இரண்டு பிள்ளைகளும் ஓடினால் 180 வெள்ளி. குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக இருக்கும்போது அது மாத வருமானத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல். பெட்ரோலும் காலைப் பசியாறலும் தனி. அதனால் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நிற்கும் பிள்ளைகள் பெரும்பாலும் ஏற்கெனவே வசதி உள்ள பிள்ளைகள். வேகமான கால் எந்த வீட்டில் பிறக்கிறது என்பதற்கும் பதிவுக் கட்டணம் எந்த வீட்டில் இருக்கிறது என்பதற்கும் சம்பந்தமில்லை.

குழுக்களில் உழைப்பவர்கள் தொண்டர்கள். அவர்கள் தலையில் இந்தச் சுமையையும் ஏற்றுவது நியாயமா என்ற கேள்விக்கும் பதில் வேண்டும். ஏற்ற வேண்டியது சுமையில் ஒரு பகுதி மட்டுமே. 800 பேர் ஓடும் பந்தயத்தில் தலைக்கு ஐந்து வெள்ளி ஒதுக்கினால் 4,000 வெள்ளி. எண்பது வெள்ளிச் சப்பாத்து ஐம்பது சோடி வாங்கலாம், அல்லது வாரம் இரண்டு நாள் ஒரு வேனைப் பல மாதம் ஓட்டலாம். பதக்கத்தின் கனத்தைக் கொஞ்சம் குறைத்தால் அந்த ஐந்து வெள்ளி அங்கேயே கிடைக்கும். அதற்கு மேல் வேண்டியதற்கு அரசு உண்டு. இந்தியர் மேம்பாட்டுக்கான மித்ராவுக்கு ஆண்டுக்கு 10 கோடி ரிங்கிட் ஒதுக்கப்படுகிறது. மாவட்ட அளவில் ஒரு பயிற்றுநரின் படித்தொகை அதில் எந்த மூலைக்கு?

பெண் பிள்ளைகள் எங்கே நின்றுவிடுகிறார்கள்

ராஜாமணியையும் சாந்தியையும் தந்த சமூகத்தில் ஆறாம் ஆண்டு வரை முதலில் வந்த பெண், படிவம் ஒன்றில் காணாமல் போகிறாள். காரணம் பெரும்பாலும் வேகம் குறைந்ததல்ல. பயிற்சி முடிய ஆறரை மணி ஆகும். இருட்டும் நேரத்தில் தனியாக வர வேண்டும். கூட்டி வர ஆளில்லை. உடை மாற்ற ஒழுங்கான இடமில்லை. பயிற்சி கொடுப்பவர் எல்லாம் ஆண்கள். பெற்றோர் வேண்டாம் என்பதைப் பழமைவாதம் என்று தள்ளிவிடுவது சுலபம். ஒரு வேன், வாசல் வரை இறக்கிவிடும் ஒரு பெண் பொறுப்பாளர், பூட்டுப் போட்ட ஒரு கழிவறை என்று மூன்றையும் ஏற்பாடு செய்துவிட்டு அதே பெற்றோரைக் கேட்டுப் பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஒரே நிறச் சட்டையில் ஓடும் பெண்களால் இந்த உதவியைச் செய்ய முடியும். அவர்களில் பலர் தாய்மார்கள். எந்தத் தாய் எதற்குப் பயப்படுகிறாள் என்று அவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

டியூஷன் என்ன ஆவது என்ற கேள்வி எல்லா வீட்டிலும் எழும். வாரம் மூன்று சாயங்காலம், தலா ஒன்றரை மணி நேரம். படிப்பு இதனால் கெடாது. அரசாங்கப் பல்கலைக்கழக நுழைவுக்கான தகுதிப் புள்ளியில் 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கு உண்டு என்பதை நம் பெற்றோருக்கு யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும். ஒரே பாடப்பிரிவுக்கு ஆயிரக்கணக்கானோர் மோதும்போது அந்தப் பத்து சின்ன எண்ணல்ல.

பயிற்சி கொடுக்க ஆளுக்கு எங்கே போவது என்று கேட்பவர்களுக்குக் கென்யாவின் இத்தேன் என்ற ஊரைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். அயர்லாந்துக்காரரான துறவி கொல்ம் ஓ'கானல் 1976இல் அங்குள்ள செயின்ட் பேட்ரிக் பள்ளிக்குப் புவியியல் கற்பிக்கப் போனார். ஓட்டப் பயிற்சியில் அவருக்கு முன்னனுபவம் கிடையாது. பிள்ளைகளைத் தினமும் பார்த்தார், நேரம் குறித்தார், அவசரப்படாமல் வளர்த்தார். அவரிடம் வளர்ந்த டேவிட் ருடிஷா 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 800 மீட்டரை 1 நிமிடம் 40.91 வினாடியில் ஓடி உலகச் சாதனை படைத்தார். அது மலை நாடு, உயரமான இடம், நம் புழுக்கத்தில் அது நடக்காது என்பார்கள். கென்யாவின் பதக்கக் கணக்கு நமக்கு வர வேண்டியதில்லை. ஆனால் இதே புழுக்கத்தில் வளர்ந்த மலேசியர் ஒருவர் 1985இல் அதே 800 மீட்டரில் ஆசியாவிலேயே முதலாவதாக வந்திருக்கிறார். இத்தேனிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, விடாமல் அதே திடலுக்கு வந்த ஓர் ஆசிரியரை.

வட சிலாங்கூர்க் குழுக்கள் அடுத்த பந்தயத்தின் சட்டை நிறத்தை முடிவு செய்யும் கூட்டத்திலேயே இதையும் முடிவு செய்யலாம். ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர்கள் இந்த ஊர்களிலேயே இருக்கிறார்கள், ஒருவரைக் கேட்கலாம். மாவட்ட மன்றத் திடல் ஒன்றுக்கு வாரம் மூன்று நாள் அனுமதி எழுதி வாங்கலாம். பிறகு ஒரு தடித்த நோட்டுப் புத்தகம். பிள்ளையின் பெயர், பள்ளி, பிறந்த ஆண்டு; பக்கத்தில் 60 மீட்டர், 300 மீட்டர், 800 மீட்டர் என்று மூன்று பத்தி; மாதம் ஒருமுறை நேரம் குறிக்க வேண்டும். ஓராண்டு முடிவில் எந்தப் பிள்ளை எவ்வளவு முன்னேறியது, எந்தப் பிள்ளை மூன்று மாதமாக வரவில்லை, ஏன் வரவில்லை என்பதெல்லாம் அதில் இருக்கும். மாவட்டத் தேர்வுக்கு வரும் பயிற்றுநரிடம் அந்தப் புத்தகத்தைத் திறந்து காட்டலாம். வராமல் போன பிள்ளையின் வீட்டுக்குப் போகும்போதும் அதையே கையில் எடுத்துப் போகலாம்.